ஆறு நொடி வாசித்த வரி

ஆகஸ்ட் 2, காலை 7.00

நிலையம் இயல்பு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி சரி. மூன்று அதிர்வுமானிகளும் வேலை செய்கின்றன. இரண்டாவது மட்டும் நிழலுக்குள் இருப்பதால் குளிரில் கொஞ்சம் கரகரக்கிறது.

இந்தக் குறிப்பு விதிப்படி எழுதப்படுகிறது. அடுத்து இங்கே வருபவர் படிக்க வேண்டும் என்பது விதி. எனவே ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெசிந்தா பர்னாந்து, தூத்துக்குடி. நிலவுக்குள் உண்டாகும் நடுக்கங்களைக் கேட்பது என் வேலை. என்னோடு இருப்பவன் மூசா நெய்னா, காயல்பட்டினம். வெயிலே படாத பள்ளங்களில் பனி தோண்டுவது அவன் வேலை. பக்கத்துப் பக்கத்து ஊரில் பிறந்தோம், நிலவின் தென்முனைக்கு வந்துதான் அறிமுகமானோம். என்னை லாத்தா என்று கூப்பிடுகிறான். அவன் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

காலையில் தரை நிலையத்தோடு தொடர்பு கிடைத்ததும் திரட்டி ஓடியது. திரட்டி பெரிய எந்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் தன் தளத்தில் எதையாவது எழுதினால், அதன் நகல் தேதியோடு, அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒரு சின்னக் கோப்பில் விழுகிறது. அந்தக் கோப்புதான் செய்தியோடை. நாம் கேட்டுவைத்த ஓடைகளை எல்லாம் திரட்டி ஒரு சுற்று சுற்றி, புதிதாக விழுந்தவற்றை வரிசையாகக் கொண்டுவந்து போடும். பிடித்தது, பிடிக்காதது என்று பார்க்காது. எழுதியவருக்கு யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. படிப்பவரை யாரும் கவனிப்பதும் கிடையாது. வெறும் எழுத்து என்பதால் நம் மெல்லிய தொடர்புக்குத் தாங்கும்.

மூசாவுக்குக் காயல்பட்டினத்துக் கால்பந்துச் சங்கத்தின் ஓடை. எனக்கு, பேருந்துத் தடங்களைப் பற்றி மட்டுமே எழுதும் ஒரு கொழும்புக்காரர், சமையல் தோல்விகளை மட்டுமே எழுதும் மணப்பாட்டுப் பெண் ஒருத்தி, உலக நிலநடுக்க அறிவிப்பு, இப்படி முப்பது நாற்பது. இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஏலகிரி மலையில் கமலவேணி என்பவர் சொந்தத் தொலைநோக்கியில் தினமும் சூரியனைப் பார்த்து, அதன் புள்ளிகளைக் கையால் வரைந்து, ஒன்றிரண்டு வரி எழுதுகிறார். தளத்தின் பெயர் 'சூரியன் இன்று'. அவரை நாங்கள் பார்த்ததில்லை.

இன்றைய வரி: "ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி எட்டிப் பார்க்கிறது. சாது. வெளியே போகிறவர்கள் போகலாம்."

சூரியன் வெடித்தால் அதன் துகள்கள் இங்கே நேராக வந்து விழும். தடுக்கக் காற்று மண்டலம் கிடையாது. அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வெடித்த பிறகுதான் வரும். கமலவேணி முந்தைய நாளே முகம் பார்த்துச் சொல்லிவிடுவார். மூசா வெளியே போகும் நாளை நாங்கள் அவர் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

மூசா வெளியே போனான். திரும்பி வந்தான். பனி இல்லை.

ஆகஸ்ட் 9, காலை 7.40

நிலையம் இயல்பு.

தரை நிலையத்தில் காலைப் பணியில் இருக்கும் உதயசங்கர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அப்படியே பதிகிறேன்.

"மேடம், திங்கட்கிழமையிலேருந்து திரட்டி இருக்காது. எல்லாம் முற்றம் வழியாத்தான் வரும். உங்களுக்கு என்ன வேணும்னு அதுவே பாத்துக் குடுக்கும். மேல முடிவு பண்ணிட்டாங்க."

முற்றம் என்பது பூமியில் இப்போது எல்லோரும் பார்க்கும் ஒரே சாளரம். கடிதம், செய்தி, படம் எல்லாம் அதற்குள்ளேதான். நான் கிளம்பும்போதே பாதிப் பேர் தங்கள் தளத்தை மூடிவிட்டு அதற்குள் குடிபோயிருந்தார்கள்.

என் ஓடைகள் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதையெல்லாம் அது படிச்சிடும் மேடம். படிச்சுச் சுருக்கி உங்களுக்குத் தரும். தனியா இருக்கறவங்க மனசுக்கு இதுதான் நல்லதாம். டாக்டருங்க சொல்லியிருக்காங்களாம்."

நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 14, காலை 7.15

நிலையம் இயல்பு. இரண்டாவது அதிர்வுமானியின் சூடேற்றியை மாற்றினேன்.

முற்றம் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் திரையைத் திறந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. மூசாவுக்கு அவன் ஊர்ச் சங்கம் ஜெயித்த ஆட்டங்களை மட்டும் காட்டுகிறது. தோற்றதே இல்லையா என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்.

மணப்பாட்டுப் பெண்ணின் சமையல் தோல்வி இப்படி வந்தது: "இன்று ஒரு சுவையான மீன் குழம்பு." கொழும்புக்காரர் வரவில்லை.

கமலவேணி ஒரு வரியாக வந்தார்: "சூரியன் இன்றும் அழகு."

ஆகஸ்ட் 21, காலை 7.20

நிலையம் இயல்பு.

கமலவேணி நான்கைந்து நாளாக வரவில்லை. முற்றத்தின் உதவிப் பகுதியில் கேட்டேன். பதில் உடனே வந்தது.

"வணக்கம் ஜெசிந்தா. அந்தப் பதிவுகளில் நீங்கள் சராசரியாக ஆறு நொடிகளே செலவிட்டீர்கள். உங்களுக்கு ஆர்வம் குறைந்திருப்பதாகப் புரிந்துகொண்டோம்."

அது ஒரு வரி. ஒரு வரியைப் படிக்க ஆறு நொடி போதும். படித்ததும் மூசாவிடம் போ என்றோ இரு என்றோ சொல்லிவிடுவேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசிக்க என்ன இருக்கிறது. இதை எழுதி அனுப்பினேன். எனக்கு அந்த ஓடை வேண்டும், முழுதாக, தினமும் வேண்டும் என்றும் எழுதினேன்.

"உங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது."

ஆகஸ்ட் 22, காலை 7.10

முற்றத்தில் கன்னியாகுமரி சூரிய உதயப் படங்கள் பதினைந்து வந்திருக்கின்றன.

உதயசங்கரிடம் சொன்னேன். "நான் மேல எழுதுறேன் மேடம். ஒரு வாரம் ஆகும்" என்றார்.

ஆகஸ்ட் 26, மாலை 4.00

மூசா நாளை போக வேண்டும் என்கிறான். கிழக்குப் பள்ளத்தின் விளிம்பில் வெளிச்சம் சரியான கோணத்தில் இருப்பது இந்த வாரம் மட்டும்தான். அதைவிட்டால் அடுத்த மாதம். தரை நிலையத்தில் கேட்டேன். அதிகாரப்பூர்வ நிலவரம் இயல்பு. முற்றத்தில் சூரியனைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா, நமக்குச் சொல்லவில்லை என்று அர்த்தமா? திரட்டி இருந்தபோது இந்தக் கேள்வி வந்ததில்லை. அப்போது ஒன்றும் வராவிட்டால் அவர் ஒன்றும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 27, காலை 10.50

நிலையத்தின் கதிரளவி ஒலிக்கிறது. அளவு ஏறுகிறது. மூசா கிழக்குப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறான். வண்டியில் நான்கு மணி நேரத் தூரம்.

வானொலிப் பதிவு:

"லாத்தா, இங்க மானி கத்துது. அங்கயும் அப்படித்தானா?"

"ஆமா மூசா. தோண்டின குழிக்குள்ள இறங்க முடியுமா?"

"முழங்கால் ஆழந்தான் இரிக்கி. படுத்தா முதுகு வெளிய தெரியும்."

"பெரிய பாறை ஏதாவது?"

"ஒண்ணு இரிக்கி. வண்டியை அதோட ஒட்டி நிறுத்துறேன்."

"நிறுத்து. வண்டிக்குள்ள தண்ணி டப்பா, உணவு டப்பா எல்லாத்தையும் மேல அடுக்கிக்கிட்டுக் கீழ படு."

"எவ்வளவு நேரம்?"

அளவு இறங்கும் வரைக்கும் என்றேன். பாறை பாதியைத்தான் மறைக்கும். இந்தத் துகள்கள் ஒரு பக்கமிருந்து வருவதில்லை, சுற்றி எல்லாப் பக்கமும் வரும். வண்டியின் தகரம் ஒன்றுக்கும் ஆகாது. நிலையத்துக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் மூடியிருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

காலை 11.30

முற்றத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று வந்தது. "சூரியச் செயல்பாடு சற்று அதிகம். ஆழ்ந்து மூச்சு விடுங்கள். உங்களுக்குப் பிடித்த இசை இதோ."

பகல் 12.15

அளவு குறையவில்லை. அங்கேயே படுத்திருப்பதா, கிளம்பி வருவதா? கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது. கிளம்பி வரச் சொன்னேன்.

"வாறேன். வாய்க்குள்ள இரும்பைக் கடிச்ச மாதிரி இரிக்கி."

"பேசாத. ஓட்டு."

"பேசாம இருந்தாத்தான் பயமா இரிக்கி லாத்தா. நீங்க எதையாவது படிங்க."

முற்றத்தில் இருந்ததைப் படித்தேன். ஓணம் பூக்கோலப் போட்டி. ஒரு நாய் மீட்கப்பட்டது. பட்டாம்பூச்சிகள். பள்ளத்திலிருந்து நிலையம் வரைக்கும் அதைத்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 27, மாலை 5.20

வந்துவிட்டான். நடந்துதான் உள்ளே வந்தான். வாந்தி. உடையில் இருந்த அளவுமானியை நான் மட்டும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 28, காலை 8.00

நிலையம் இயல்பு என்று எழுதிவிட்டு அடித்தேன்.

பின்னறையைத் தனிமை அறை ஆக்கியாகிவிட்டது. அவன் உடல் இனிமேல் கிருமிகளைத் தாங்காது. என் மூச்சுக்கூட ஆபத்து. கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உள்தொடர்பில் பேசிக்கொள்கிறோம்.

மீட்புக் கலம் தயாராகி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

உதயசங்கர் குரல் தாழ்ந்திருந்தது. "முன்கூட்டித் தெரிய வழியே இல்லையாம் மேடம். எல்லாரும் அதான் சொல்றாங்க." நான் கமலவேணியின் தள முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முற்றத்துக்குள் போகாமல் அந்த ஓடைக் கோப்பைத் தனியாக எடுத்து, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பச் சொன்னேன்.

"அப்படி எடுக்க முடியுமா மேடம்?"

"முடியும். எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. யாரையும் கேக்க வேண்டியதில்லை."

எந்திரங்களின் அளவீடுகள் வந்துபோகும் தடத்தில் அதைச் செருகி அனுப்பினார். வந்தது. சின்னக் கோப்பு. தேதிகள் வரிசையாக இருந்தன. ஒரு நாள்கூட அவர் எழுதாமல் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 26-க்கு உரியது:

"சூரியன் இன்று. நேற்றுச் சொன்ன புள்ளி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு தடவை வரைந்து பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. நாளையோ மறுநாளோ வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். நிலவில் இருக்கும் யாராவது இதைப் படிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. படித்தால், இரண்டு நாளைக்கு வெளியே போக வேண்டாம்."

படித்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 31, பகல் 1.00

மூசா தேறிவிட்டான். வாந்தி நின்றுவிட்டது. பசிக்கிறது என்கிறான். முகத்தில் மட்டும் வெயிலில் அலைந்த சிவப்பு. கதவுக் கண்ணாடி வழியாகக் கையாட்டினான்.

"லாத்தா, நான் நல்லாத்தான இரிக்கேன்?"

"நல்லா இருக்க."

"முற்றத்துல பாத்தேன். கதிர் பட்டவங்க எத்தனையோ பேர் பொழச்சிரிக்காங்க. ஒருத்தர் மலையேறுறார். படம் போட்டிரிக்கான்."

மருத்துவக் கையேட்டில் அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். இந்த அளவுக்குப் பட்டவர்கள் நடுவில் சில நாள் நன்றாக இருப்பார்கள். பிறகு என்ன ஆகும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

சாப்பிடு என்றேன். பருப்புக் கஞ்சி இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

செப்டம்பர் 2, மாலை 3.30

இன்றும் நன்றாக இருக்கிறான். அடுத்த மாதம் கிழக்குப் பள்ளத்துக்குத் திரும்பப் போவதைப் பற்றிப் பேசினான். தலையாட்டினேன்.

அவன் மனைவி சுலைஹாவிடமிருந்து முற்றம் வழியாகக் குரல் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று உள்தொடர்பில் போட்டான்.

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க சொன்னது வந்திச்சி. சின்னக் காயம், நல்லாயிட்டேன், பயப்படாதேன்னு போட்டிருந்திச்சி. பிள்ளை அதைப் படிச்சிக் காட்டினா. இப்பத்தான் சோறு இறங்குது."

மூசா அதைத் திரும்ப ஓட்டிக் கேட்டான்.

"நான் அப்படிச் சொல்லலியே லாத்தா. கதிர் பட்டிரிச்சி, தனியறையில வச்சிரிக்காங்க, துஆ செய்யின்னு சொன்னேன். சின்னக் காயம்னு எப்ப சொன்னேன்?"

அவன் சொன்னதை முற்றம் சுருக்கியிருக்கிறது. அவளுக்கு எது தாங்கும் என்று பார்த்து அந்த அளவுக்குக் கொடுத்திருக்கிறது.

நானும் இவனுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3, காலை 9.00

சொல்லிவிட்டேன். உள்தொடர்புப் பதிவு:

"மூசா, அந்தக் கையேட்டுல உன்னைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு."

"தெரியும்னு நினைச்சேன். உங்க குரல் மாறிப் போச்சி நாலு நாளா."

"சொல்லவா, வேண்டாமா?"

"எல்லாத்தையும் படிங்க. ஒண்ணையும் விடாம."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். நடுவில் ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னான். படித்தேன். பிறகு கமலவேணி எழுதியதையும் கேட்டான். அதையும் படித்தேன்.

"நமக்குத்தான் எழுதியிரிக்காக."

"ஆமா."

"பாவம், யாரு படிக்கிறான்னு தெரியாமலே."

கொஞ்ச நேரம் கழித்து:

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நாளைக்கு ஜும்மா. தலை முழுகணும். தண்ணி கூடுதலாக் குடுப்பீங்களா?"

கொடுத்தேன்.

செப்டம்பர் 4, பகல் 2.00

நிலையம் — மின்சாரம் சரி. மற்றதை நான் பார்க்கவில்லை.

மூசா சொல்லச் சொல்ல எழுதினேன். முற்றத்துக்குக் கொடுக்கவில்லை. உதயசங்கருக்கு எந்திரத் தடத்தில் அனுப்பினேன். அவர் அதைக் கமலவேணிக்கு அனுப்பினார். கமலவேணி தன் தளத்தில் போட்டார். அவர் ஓடையில் அது விழுந்தது. ஓடையைக் கேட்டுவைத்திருந்த எல்லோருக்கும் போயிருக்கும். உதயசங்கர் சுலைஹாவின் தம்பியைத் தொலைபேசியில் பிடித்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூசா சொன்னதை நகல் வைக்கிறேன்:

"சுலைஹா, நான் நல்லா இல்லை. இப்ப பேச முடியுது, இன்னும் ரெண்டு மூணு நாள் பேசுவேன்னு நினைக்கிறேன். வலி இருந்தா மருந்து இரிக்கி. யார் மேலயும் கோவப்படாதே, கோவப்பட நேரமில்லை. பிள்ளைகிட்ட நீயே சொல்லு. வேற யாரையும் சொல்ல விடாதே. தோண்டி எடுத்த மூணாவது மண்குழாய்ல பனி இருந்திச்சி. அன்னைக்குத்தான் கிடைச்சிச்சி. வெள்ளையா, சுத்தமா இருந்திச்சி. இதை உம்மாகிட்ட சொல்லு, சந்தோசப்படுவா."

கமலவேணி அதற்கு மேல் ஒரே வரி எழுதியிருந்தார். "இன்று சூரியனைப் பற்றி ஒன்றும் இல்லை. இது நிலவிலிருந்து வந்தது, வந்தபடியே போடுகிறேன்."

செப்டம்பர் 5, காலை 7.30

தரை நிலையத்தில் வேறு குரல். உதயசங்கர் இல்லை. எங்கே என்று கேட்டேன். "அவங்க வேற பணிக்கு மாறிட்டாங்க மேடம். இனிமே எல்லாம் முற்றத்துல அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்."

ஆனால் எந்திரத் தடத்தில் ஓடைக் கோப்பு இன்றும் வந்திருக்கிறது. அதைத் தானாகவே எடுத்து அனுப்பும்படி அவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அளவீடுகளுக்கு நடுவில் வெறும் எழுத்து. யாரும் பார்க்கவில்லை. இங்கிருந்து அனுப்புவது கமலவேணிக்குப் போகும் வழியும் திறந்துதான் இருக்கிறது.

கோப்பில் சுலைஹா. கமலவேணிக்கு அனுப்பியிருக்கிறாள், அவர் போட்டிருக்கிறார்.

மூசாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுதியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்களுடையது. படித்து முடித்ததும் திரும்பப் படிக்கச் சொன்னான். மூன்று முறை படித்தேன்.

அதற்குக் கீழே வேறு ஆட்களும் இருந்தார்கள். பினாங்கிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நர்ஸ். நர்ஸ் மருந்து அளவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். நான் கொடுத்துக்கொண்டிருந்தது குறைவு. மாற்றினேன். அதன் பிறகு அவனால் தூங்க முடிந்தது.

செப்டம்பர் 8

காய்ச்சல். வாயெல்லாம் புண். பேச்சு குழறுகிறது. கால்பந்து கேட்டான். காயல்பட்டினச் சங்கத்து ஓடை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கமலவேணியிடம் கேட்டிருந்தேன். இருக்கிறதாம். யாரோ ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதுவும் சேர்ந்து வந்தது.

நான்கு ஆட்டம். மூன்றில் தோல்வி. அப்படியே படித்தேன்.

"கோலியை மாத்தணும்" என்றான். கோல் காப்பவனைச் சொல்கிறான். சிரித்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது அதிர்வுமானி நின்றுவிட்டது. போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10

உள்தொடர்பைத் திறந்தே வைத்திருக்கிறேன். மூச்சு கேட்கிறது. ஓதச் சொன்னான். எனக்கு ஓதத் தெரியாது. அவன் மெல்லச் சொல்ல, நான் பின்னாலேயே சொன்னேன். பிழையாகச் சொன்ன இடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைத் தூக்கினான். திருத்திச் சொன்னேன்.

செப்டம்பர் 11, பகல்

கதவைத் திறந்து உள்ளே போனேன். இனி என் மூச்சால் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுவைத்திருந்தேன். பூமி இருக்கும் பக்கம் போதும், நாங்க பாத்துத் தொழுற கிப்லா அதுக்குள்ளதான இரிக்கி என்று சொல்லியிருந்தான். அந்தப் பக்கம் திருப்பினேன்.

தரைக்கு அறிக்கை அனுப்பினேன். பெயர், நேரம், காரணம். முற்றத்தில் ஒன்று, எந்திரத் தடத்தில் ஒன்று. ஒரே எழுத்து.

அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினேன்.

செப்டம்பர் 12, காலை

கோப்பு வந்தது. கமலவேணி என் அறிக்கையை முழுதாகப் போட்டிருக்கிறார். அடுத்த பதிவு சுலைஹாவின் தம்பி எழுதியது. காயல்பட்டினத்தில் நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உடல் இல்லாமலே இறுதித் தொழுகை நடத்தினார்களாம். தெரு நிறைந்துவிட்டதாம். கால்பந்துச் சங்கத்தார் மைதானத்தை மூடி வைத்திருக்கிறார்களாம்.

முற்றத்திலும் ஒன்று வந்திருக்கிறது. "ஜெசிந்தா, இன்று நீங்கள் சற்று அமைதியாக இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு கடற்கரை."

கடற்கரையைப் பார்த்தேன். அதன் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு இன்னும் கடற்கரைகள் வரும்.

செப்டம்பர் 15

இப்போது நானும் எழுதுகிறேன். தினமும். காற்றழுத்தம், தண்ணீர், அதிர்வுகள். முதல் நாளிலிருந்து எழுதிய இந்தக் குறிப்பு முழுவதையும் எந்திரத் தடத்தில் விட்டிருக்கிறேன். கமலவேணி வாங்கிப் போடுகிறார். யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டாம்.

நிலையம் இயல்பு என்று எழுத வரவில்லை. காற்று இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது.

செப்டம்பர் 18, காலை 11.00

மீட்புக் கலம் மேலே வந்துவிட்டது. இரண்டு பேர். வானொலித் தொடர்பு கிடைத்தது. ஓட்டுநர் பெயர் அமிர்தகடேசன், கூட வருபவர் மருத்துவர் நிர்மலா. குரலில் உற்சாகம். பதிவு:

"நிலையம், கேக்குதா? நாங்க அடுத்த சுத்துல இறங்குறோம். எப்படி இருக்கீங்க மேடம்?"

"கேக்குது. இறங்கு தளம் சுத்தமா இருக்கு. தூசி இல்ல."

"சூப்பர் மேடம். மூசா சார்கிட்ட சொல்லுங்க, அவங்க சங்கத்துப் பசங்க மாசத் தொடக்கத்துலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்த பந்து ஒண்ணு கொண்டு வர்றோம். தேறிட்டு வர்றார்னு முற்றத்துல பாத்தோம். டாக்டரம்மா அவருக்குன்னு நேந்திரம் சிப்ஸ் வேற எடுத்துட்டு வந்திருக்காங்க."

வானொலியின் பேச்சு விசையிலிருந்து கையை எடுத்தேன்.

இறங்கும் நேரத்தில் ஓட்டுநருக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. இறங்கிய பிறகு சொல்லலாம். கதவைத் திறந்து உள்ளே வந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது சொல்லலாம்.

விசையை அழுத்தினேன்.

"நான் அனுப்பின அறிக்கை உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சே மேடம். தினமும் படிச்சோம். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு துணையா இருந்தீங்கன்னு டாக்டரம்மா கண்கலங்கிட்டாங்க."

"அமிர்தகடேசன். முதல்ல கலத்தைத் தானியங்கியில போடுங்க. போட்டாச்சா?"

"போட்டாச்சு. என்ன மேடம்?"

"மூசா இறந்து ஒரு வாரம் ஆச்சு."

தொடர்பு இருக்கிறது. இரண்டு பேரின் மூச்சும் கேட்கிறது. கலத்தின் விசிறி ஓடும் சத்தம்கூடக் கேட்கிறது.

நிர்மலாவின் குரல் வந்தது. கோபம் இல்லை. என்னை நம்பாத குரலும் இல்லை. எதையோ தேடிப் பார்த்துவிட்டுப் பேசும் குரல்.

"எங்களுக்கு அப்படி எதுவும் வரலையே மேடம்."

இறங்கு தளத்தின் விளக்குகளைப் போட்டேன்.